அந்த ஏழு பேரை நீக்கியது யார்?

கேள்வி:

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. விரலில் குத்தாமல், தோலில் ஒட்டிக்கொண்டே ரத்தச் சர்க்கரையை அளக்கும் சென்சார் பட்டை ஒன்றைச் சோதித்து வருகிறோம். பட்டை காட்டும் அளவையும், அதே நேரத்தில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்த அளவையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு. பட்டையைத் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தை என் கைடும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். அதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. 60 பேர் ஆய்வில் கலந்துகொண்டார்கள். கணக்குப் போட உட்கார்ந்தபோது 7 பேரின் அளவுகளை நீக்கச் சொன்னார். “அவர்களுக்குப் பட்டை சரியாக ஒட்டவில்லை, அதை எப்படிச் சேர்ப்பது?” என்றார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததும் அந்த ஏழு பேரிடம்தான். என் கைடு பொய் சொல்கிறவர் இல்லை. நான் பார்த்த ஆசிரியர்களிலேயே நேர்மையானவர். பேப்பரின் கடைசியில் ‘நலன் முரண்’ என்ற தலைப்பில் ஒரு வரி போட்டுவிடலாம், அது போதும் என்கிறார். போதுமா? இதை நான் வேறு யாரிடமாவது பேசினால் அவருக்குத் துரோகம் செய்வதாகுமா? பெயர் வேண்டாம்.

பி.கு.: படிப்பு முடிந்ததும் அந்த நிறுவனத்திலேயே எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் அந்தப் பின்குறிப்பு கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ‘துரோகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கைடின் நேர்மையைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதிவிட்டுத்தான் கேள்விக்கே வருகிறீர்கள். நலன் முரண் என்று சொன்னாலே ஒருவரைத் திருடன் என்று சொல்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பல வருடங்களாக ஆய்வு நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து, “இதில் உங்களுக்கு நலன் முரண் இருக்கிறதே” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் முகம் சிவந்துபோய் “என்னை யார் என்று நினைத்தீர்கள்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாங்கள் கேட்டது அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றி. அவர் பதில் சொல்வது தன் குணத்தைப் பற்றி.

இதைப் பிரித்துக் காட்டியவர்களில் டென்னிஸ் தாம்ஸன் என்ற அமெரிக்க அறிஞர் முக்கியமானவர். 1993-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை இந்தப் பேச்சுக்கு அடித்தளம். ஆய்வாளருக்கு முதன்மையான நலன் என்று சில உண்டு: முடிவு உண்மையாக இருக்க வேண்டும், கலந்துகொண்டவர்களுக்குக் கெடுதல் வரக் கூடாது, மாணவர்கள் ஒழுங்காகக் கற்க வேண்டும். அதோடு கூடவே வருகிற நலன்களும் உண்டு: பணம், பதவி உயர்வு, பேர், ஒரு கொள்கை மீதுள்ள பிடிப்பு. கூட வருகிறவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்காமல் யார் ஆய்வு செய்கிறார்கள்? இந்த இரண்டாவது வகை நலன், முதன்மையான நலனைப் பற்றிய தீர்மானத்தை அளவுக்கு மீறி இழுக்கக்கூடிய சூழ்நிலை இருந்தால் அதன் பெயர்தான் நலன் முரண். இழுத்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. தம்பியின் வழக்கு தன் முன்னால் வந்தால் நீதிபதி ஒதுங்கிக்கொள்கிறார். அவர் லஞ்சம் வாங்கிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் கைடுக்கு நலன் முரண் இருக்கிறது. இதைச் சொல்ல அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. நிறுவனத்தில் பங்கு இருக்கிறது, அந்த நிறுவனத்தின் பொருளை அவரே சோதிக்கிறார். அவ்வளவுதான். நேர்மையானவர் என்பதால் அது இல்லாமல் போய்விடாது, நேர்மையற்றவராக இருந்திருந்தால் கூடப்போவதும் இல்லை.

இப்போது அந்த ஏழு பேர்.

பட்டை ஒட்டவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஒட்டாத பட்டை தோலுக்கு அடியில் இருப்பதை எப்படி அளக்கும்? ஆனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. ‘சரியாக ஒட்டவில்லை’ என்றால் என்ன என்று ஆய்வு தொடங்கும் முன்பே எங்கேயாவது எழுதி வைத்திருந்தீர்களா? ஓரம் தூக்கிக்கொண்டால் போதுமா, பாதி கழன்றிருக்க வேண்டுமா? அதைப் பார்த்துத் தீர்மானித்தவருக்கு, அந்த நபரின் ஆய்வக அளவு ஏற்கெனவே தெரியுமா? அளவுகள் பொருந்திவந்த 53 பேரில் யாருக்காவது பட்டை ஓரம் தூக்கியிருந்ததா என்று யாராவது திரும்பிப் பார்த்தார்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பொருந்தாத அளவைக் கண்டதும் ‘ஏன் பொருந்தவில்லை?’ என்று காரணம் தேடுகிறோம். தேடினால் ஏதாவது கிடைக்கும். வியர்வை, பட்டை, வெயில், ஏதோ ஒன்று. பொருந்திய அளவைக் கண்டால் யாரும் காரணம் தேடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் சல்லடை போட்டுச் சலித்தால் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் கல் அகப்படும். இதில் எங்கேயும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு பேருக்கும் பட்டை உண்மையாகவே ஒட்டாமல் இருந்திருக்கலாம். அப்படியும் முடிவு கோணிப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் நுண்ணோக்கியில் திசு ஸ்லைடு பார்க்கிற வேலையில் இருந்தவன். இளம் வயதில் ஒரு மருந்தின் சோதனைக்காகக் கல்லீரல் திசுக்களில் அழற்சி எவ்வளவு என்று தரம் போட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண் போட வேண்டும். பெரும்பாலான ஸ்லைடுகள் பார்த்ததும் தெரிந்துவிடும். சில மட்டும் இரண்டுங்கெட்டானாக இருக்கும்: ஒரு மூலையில் செல்கள் கூடியிருக்கும், அடுத்த புலத்துக்கு நகர்த்தினால் சுத்தமாக இருக்கும். ஒன்று போடலாம், இரண்டு போட்டாலும் யாரும் கேட்க முடியாது. மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்தது எது, பின் எடுத்தது எது என்று ஸ்லைடின் ஓரத்து லேபிளிலேயே எழுதியிருந்தது. அந்த வருடம் ஒரு மாநாட்டுக்குப் போய்வர எனக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்ததும் அந்த மருந்து நிறுவனம்தான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடவே எனக்குத் தோன்றவில்லை.

என் மூத்த சகா ஒருவர், பேச்சு குறைந்த மனுஷர், ஒருநாள் அந்த ஸ்லைடுகளின் லேபிளை எல்லாம் பேப்பர் ஒட்டி மறைத்து, கலைத்துப்போட்டு, “இன்னொரு தடவை பாரேன்” என்று கொண்டுவந்து வைத்தார். 48 ஸ்லைடு. பார்த்து எழுதிக்கொடுத்தேன். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 9 இடத்தில் தரம் மாறியிருந்தது. அது பரவாயில்லை, யாருக்கும் கொஞ்சம் மாறும். ஆனால் 9-இல் 8 ஒரே திசையில் மாறியிருந்தது. மருந்துக்கு முன் எடுத்தவற்றுக்கு முதல் முறை ஒரு படி கூட்டியும், பின் எடுத்தவற்றுக்கு ஒரு படி குறைத்தும், இரண்டையும் மருந்துக்குச் சாதகமாகவே போட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை, நானும் நினைத்துப் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

“எனக்கு அப்படி ஆகாது” என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் பதில். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் பயிற்சி மருத்துவர்களிடம் மருந்து நிறுவனப் பிரதிநிதிகளையும் அவர்கள் தரும் பரிசுகளையும் பற்றிக் கேட்டார்கள். அது தங்களைப் பாதிப்பதில்லை என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களும் அதேபோல் பாதிக்கப்படுவதில்லை என்று நம்பியவர்கள் 16 சதவீதம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

கோணல் எப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய அளவில் ஒரு உதாரணம் 1960-களில் இருக்கிறது. அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறையின் ஆய்வு அமைப்பு ஒன்று, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. 2016-இன் மதிப்பில் ஏறக்குறைய 50,000 டாலர். இதய நோயில் சர்க்கரையின் பங்கு, கொழுப்பின் பங்கு ஆகியவற்றைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை 1967-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரைக்குப் பெரிய பங்கில்லை, கொழுப்பைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம். சர்க்கரைத் தொழில்துறை கொடுத்த பணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து ஆய்வாளர்கள் இதை 2016-இல்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது ஒன்றுதான். அந்தக் கட்டுரையில் பொய்யான எண் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சர்க்கரைக்கு எதிரான ஆய்வுகளை எல்லாம் கடுமையாகச் சலித்து, இதில் இந்தக் குறை, அதில் அந்தக் குறை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கொழுப்புக்கு எதிரான ஆய்வுகளிடம் அந்தக் கறார் இல்லை என்பதுதான் 2016-இல் வந்த குற்றச்சாட்டு. அந்த அறிஞர்கள் உண்மையாகவே கொழுப்புதான் காரணம் என்று நம்பினார்கள், அந்தக் காலத்தில் தொழில்துறைப் பணம் வாங்குவது சகஜம் என்று வாதாடுகிற வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். அந்த இதழே நிதி விவரத்தை ஆசிரியர்களிடம் கேட்க ஆரம்பித்தது 1984-இல்தான். ஆனால் அந்த அறிஞர்கள் எவ்வளவு உண்மையாக நம்பினார்கள் என்பது, 1967-இல் அந்தக் கட்டுரையைப் படித்த வாசகருக்கு எந்த விதத்தில் உதவியிருக்கும்? அவருக்குத் தெரிய வேண்டியது சல்லடை யார் கையில் இருந்தது என்பது. உங்கள் ஏழு பேர் விஷயமும் இதன் சின்ன உருவம்தான்.

சரி, ஒரு வரி போட்டால் போதுமா என்ற கேள்விக்கு வருவோம்.

போட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. இன்று உருப்படியான எந்த மருத்துவ ஆய்விதழும் அதைக் கேட்கும். பங்கு, சம்பளம், ஆலோசனைக் கட்டணம், காப்புரிமை, பயணச் செலவு என்று கடந்த 36 மாதக் கணக்கைக் கேட்கிற பொதுப் படிவமே இருக்கிறது. மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தட்டம்மை கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதினார். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் வழியாக அவருக்கு 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது. 2010-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், அவருடைய மருத்துவப் பதிவும் போனது. அங்கே பிரச்சினை மறைப்பு மட்டும் இல்லை, ஆய்வே மோசடி. அதனால் உங்கள் கைடை அந்த வரிசையில் வைக்கவில்லை.

ஆனால் சொல்லிவிட்டால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை மோசமானது. அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஜாடி நிறைய நாணயங்களைப் போட்டு வைத்தார்கள். மொத்தம் எவ்வளவு என்று ஒருவர் ஊகிக்க வேண்டும். அவர் ஜாடியைத் தூரத்திலிருந்து கொஞ்ச நேரம்தான் பார்க்கலாம். இன்னொருவர் ஆலோசகர், அவர் பக்கத்தில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு இவருக்கு ஒரு மதிப்பீடு சொல்லுவார். சில ஆலோசகர்களுக்கு ஒரு ஏற்பாடு: ஊகிக்கிறவர் எவ்வளவு அதிகமாகச் சொல்கிறாரோ அவ்வளவு பணம் ஆலோசகருக்கு. எதிர்பார்த்தபடியே அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். அடுத்து, இந்த ஏற்பாட்டை ஊகிக்கிறவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார்கள். ஆலோசகர்கள் அடங்கியிருக்க வேண்டுமல்லவா? அவர்கள் இன்னும் அதிகமாகக் கூட்டிச் சொன்னார்கள். ‘அவருக்குத்தான் தெரியுமே, அவரே குறைத்துக்கொள்ளட்டும்’ என்ற எண்ணம் போலிருக்கிறது. ஊகிக்கிறவர்களோ போதுமான அளவு குறைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்ன ஏற்பாட்டில்தான் அவர்களுக்கு நஷ்டம் அதிகம்.

அப்படியானால் அந்த ஒரு வரி எதற்கு? வாசகர் விழிப்பாகப் படிக்க உதவும். அவ்வளவுக்குத்தான் உதவும். பேப்பரைப் படிக்கிற ஒரு மருத்துவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு என்ன செய்ய முடியும்? பட்டையின் பிழையை 10 சதவீதம் கூட்டிக்கொள்வாரா, 20 சதவீதமா? அவர் கையில் அந்த ஏழு பேரின் அளவு இல்லையே.

உங்கள் கடிதத்தில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது, அந்த 60 பேர். அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில், ஆய்வை நடத்துகிறவருக்கு நிறுவனத்தில் பங்கு இருக்கிறது என்று எழுதியிருந்ததா? ஹெல்சிங்கி பிரகடனம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, 1964-இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்டது, அதில் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே இது இருக்கிறது: நிதி எங்கிருந்து வருகிறது, நலன் முரண் ஏதும் உண்டா என்பதைக் கலந்துகொள்கிறவரிடம் சொல்ல வேண்டும். பேப்பரின் கடைசி வரி வாசகருக்கானது. படிவத்தில் வர வேண்டிய வரி, உடம்பைக் கொடுத்தவருக்கானது. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பதை எங்கள் குழுவில் அடிக்கடி பார்க்கிறேன்.

அது ஏன் முக்கியம் என்று கேட்டால் நான் ஜெஸ்ஸி கெல்சிங்கரைச் சொல்வேன். 18 வயதுப் பையன். அமோனியாவை உடம்பால் சரியாகக் கழிக்க முடியாத ஒரு பரம்பரைக் கோளாறு. அவனுக்கு அது கடுமையாக இல்லை, மாத்திரையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் சமாளித்து வந்தான். இதே கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் என்று நினைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு சிகிச்சைச் சோதனையில் சேர்ந்தான். 1999 செப்டம்பரில் மரபணுவைச் சுமந்த வைரஸைச் செலுத்தினார்கள். நான்காம் நாள், 17-ஆம் தேதி, இறந்துபோனான். ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜேம்ஸ் வில்சன் தொடங்கிய ஜெனோவோ என்ற நிறுவனத்தில் அவருக்கும் பங்கு இருந்தது, பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. பணம்தான் அவனைக் கொன்றது என்று சொல்லவே மாட்டேன், அப்படி யாராலும் காட்ட முடியாது. ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரித்தபோது வெளிவந்தவை எவை? அவனைச் சோதனையில் உட்படுத்தியபோது அமோனியா அளவு ஆய்வுத் திட்டத்தின் வரம்பைத் தாண்டியிருந்தது என்பது ஒன்று. அவனுக்கு முன் கலந்துகொண்டவர்களுக்கு ஏற்பட்ட பக்கவிளைவுகளை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்பது இன்னொன்று. ஒருவரைச் சேர்க்கலாமா வேண்டாமா, நடந்ததைக் கணக்கில் எடுக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரியான சின்னச் சின்னத் தீர்மானங்கள். நீங்கள் இப்போது எடுத்துக்கொண்டிருப்பதும் அந்த வகைத் தீர்மானம்தான். பட்டையால் யாரும் சாகப்போவதில்லை என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அந்தப் பட்டையை நம்பித்தான் ஒருவர் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பார்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பங்கை விற்றுவிடுங்கள் என்று உங்கள் கைடிடம் நீங்கள் சொல்ல முடியாது, அது உங்கள் வேலையும் இல்லை. ஆய்வில் தீர்மானம் எடுக்கிற இடங்கள் சில உண்டு: யாரைச் சேர்ப்பது, யாரிடம் யார் ஒப்புதல் வாங்குவது, எதை நீக்குவது, கணக்கை யார் போடுவது, எதை வெளியிடுவது. பங்கு வைத்திருக்கிறவரின் கையை இந்த இடங்களிலிருந்து எடுத்துவிட்டால் அவர் மற்றதை எல்லாம் தாராளமாகச் செய்யலாம். கருவியைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அந்த அறிவு வேண்டும், கை மட்டும் வேண்டாம்.

ஏழு பேர் விஷயத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஒட்டும்போதும் கழற்றும்போதும் போட்டோ எடுத்திருப்பீர்கள், குறிப்பேட்டில் எழுதியிருப்பீர்கள். 60 பேரின் போட்டோவையும் குறிப்பையும், ஏழை மட்டும் இல்லை, மொத்தத்தையும், சர்க்கரை அளவு எதுவும் தெரியாமல் பெயரை மறைத்து, நிறுவனத்தோடு தொடர்பில்லாத இருவரிடம் கொடுங்கள். எது ஒட்டவில்லை என்று அவர்கள் தனித்தனியாகச் சொல்லட்டும். ஏழும் அதே ஏழாக வந்தால் உங்கள் கைடு சொன்னது சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஒத்துப்போய், பொருந்திய 53-லிருந்து ஐந்து புதிதாக வந்தால் என்ன நடந்தது என்பது உங்களுக்கே புரிந்துவிடும். எப்படி வந்தாலும் பேப்பரில் இரண்டு கணக்கையும் போடுங்கள்: 60 பேரையும் வைத்து ஒன்று, நீக்கியபின் ஒன்று. யாரை, எப்போது, என்ன காரணத்தால் நீக்கினோம் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கைடுக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை போலிருக்கிறது. கழன்றுபோவதும் பட்டையின் குணம்தான். 60-இல் 7 பேருக்கு ஒட்டவில்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. கடையில் வாங்கி ஒட்டிக்கொள்கிறவருக்கும் அது கழலும், அப்போதும் திரையில் ஏதோ ஒரு எண் காட்டும். அதைத் தப்பு அளவு என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆய்வாளர் யாரும் இருக்கமாட்டார்.

அப்புறம், நிறுவனத்துக்கும் உங்கள் கல்வி நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். முடிவை வெளியிட நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா? கனடாவில் நான்சி ஒலிவியெரி என்ற மருத்துவருக்கு 1996-இல் இதுதான் நடந்தது. தான் சோதித்த மருந்தில் ஆபத்து இருக்கிறது என்று நோயாளிகளிடம் சொல்ல முயன்றார். மருந்து நிறுவனம் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடுவோம் என்றது, சோதனையையும் நிறுத்தியது. அவர் வருடக்கணக்கில் அலைந்தார். அந்த மாதிரி ஷரத்து இருந்தால் இப்போதே பேசிவிடுவது நல்லது, முடிவு கையில் வந்தபின் பேசுவது கஷ்டம்.

கைடிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்கு மலைப்பாக இருக்கும். “சார், உங்களுக்கு நலன் முரண் இருக்கிறது” என்று ஆரம்பித்தால் நான் மேலே சொன்ன பத்தில் எட்டுப் பேரில் அவரும் ஒருவராகிவிடலாம். ஆய்விதழின் மதிப்பீட்டாளரை நடுவில் கொண்டுவாருங்கள். “சார், ஏழு பேரை ஏன் எடுத்தோம் என்று ரெஃப்ரீ கண்டிப்பாகக் கேட்பார். உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்ற வரியையும் பார்த்தபிறகு இன்னும் அழுத்திக் கேட்பார். வெளியாள் இருவரை வைத்துப் பார்த்துவிட்டால் நமக்குப் பலம்தானே?” இது தந்திரமில்லை, அப்படியே உண்மை. நீங்கள் சொல்கிற அளவுக்கு நேர்மையானவர் என்றால் அரை மணி நேரத்தில் ஒப்புக்கொள்வார். இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு ஒப்புக்கொண்டாலும் சரிதான்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலரிடம் போங்கள். மொட்டைக் கடிதம் போடாதீர்கள். அது உங்களையும் காப்பாற்றாது, விஷயத்தையும் வம்பாக்கிவிடும். “ஒப்புதல் படிவத்தில் நிதி நலன் பற்றிய வரி விடுபட்டிருக்கிறது, நீக்கல் விதி முன்கூட்டியே எழுதப்படவில்லை, என்ன செய்யலாம்?” என்று ஆலோசனையாகக் கேளுங்கள். ஏற்கெனவே கலந்துகொண்ட 60 பேருக்குத் தகவல் சொல்ல வேண்டுமா என்பதைக் குழுதான் தீர்மானிக்கும். மூல டேட்டாவின் மாற்ற முடியாத பிரதி ஒன்று உங்கள் கல்வி நிறுவனத்தின் சர்வரில் தேதியோடு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், அது கலந்துகொண்டவர்களின் அந்தரங்கம்.

இப்போது உங்கள் பின்குறிப்பு. கேள்வியை எல்லாம் கேட்டு முடித்து, பெயர் வேண்டாம் என்றும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஒரே வரியில் வைத்திருக்கிறீர்கள், அந்த வேலையை. கைடின் பங்கு கடிதத்தின் நடுவில் இருக்கிறது, உங்களுடையது ஓரத்தில். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நினைக்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்த தாளை நினைத்துப் பாருங்கள்.

ஏழு பேரை நீக்கச் சொன்னவர் அவர். கணினியில் நீக்கியவர் நீங்கள். “கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்படிப் பட்டதில் அந்த வேலைக்கும், சீக்கிரம் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று உங்களாலும் சொல்ல முடியாது. விதிமுறைகள் பெரும்பாலும் பணத்தைத்தான் எண்ணுகின்றன. அமெரிக்க அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் 5,000 டாலருக்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது, 2011-இல் திருத்துவதற்கு முன் அது 10,000. நிர்வாகத்துக்கு ஏதோ ஒரு கோடு வேண்டும், சரிதான். மனசுக்கு அந்தக் கோடு தெரியாது. வருகிற வேலை, கிடைக்கப்போகிற பட்டம், மதிக்கிற ஆசிரியரின் முகம் கோணிவிடக் கூடாது என்ற நினைப்பு, இவை பங்குப் பத்திரத்தைவிட நெருக்கமாக இழுக்கும்.

வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. நல்ல வேலையாக இருந்தால் போய்ச் சேருங்கள். இறுதிக் கணக்கை மட்டும் நீங்கள் போடாமல், துறையில் இருக்கும் ஒரு புள்ளியியலாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஆய்விதழின் நலன் முரண் படிவத்தைத் தரவிறக்கி, கைடின் படிவத்துக்கு முன்னால் உங்களுடையதை நிரப்புங்கள். ‘இந்த நிறுவனத்திலிருந்து வேலை வாய்ப்பு வந்துள்ளது’ என்று உங்கள் பெயருக்கு நேரே எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போங்கள், முதலில் அதை மேசையில் வையுங்கள். ஏழு பேரைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் எடுங்கள்.